தப்பு எங்கே தெரியும்?

கார் சர்வீஸ் பில் கைக்கு வந்ததும் நாம் பெரும்பாலும் கடைசியில் இருக்கும் மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறோம். ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் பிளேடு, ஹெட்லைட் பல்பு என்று சில வேலைகள் இருக்கும். பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று வேறு சில இருக்கும். முதல் வகை, ஸ்பேனரே பிடித்துப் பழகாதவர்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் முடித்துவிடக்கூடியது. இரண்டாவது வகை உயிர் சம்பந்தப்பட்டது. கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

சுலபமான வேலையை நாமே செய்யலாம், கஷ்டமானதை மெக்கானிக்கிடம் விடலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது போதாது. எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி போன மாதம் என்னிடம் கேட்டார்: “அண்ணே, பிரேக் பேட் ஆன்லைன்ல கம்மி விலைக்குக் கிடைக்குது. யூடியூப் பாத்து நாமளே மாட்டிடலாமா?”

“மாட்டலாம். சரியா மாட்டியிருக்கோமான்னு எப்படித் தெரியும்?”

“ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

“அதனாலதான் வேணாங்கிறேன்.”

எந்த வேலையாக இருந்தாலும் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான். இதில் தப்பு நடந்தால் அது எங்கே, எப்போது தெரியவரும்? வண்டி நிற்கும் இடத்திலேயே தெரிந்துவிடும் என்றால் தாராளமாகக் கை வைக்கலாம். ஓடும்போதுதான் தெரியும் என்றால், தினமும் அந்த வேலையைச் செய்கிற கைகளிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஏசி ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான சிறிய கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவர்களையும் உள்பக்கமாக அழுத்தினால் அது முன்னால் சாய்ந்து இறங்கிவிடும். உள்ளே நீளமான ஒரு பிளாஸ்டிக் மூடி. அதன் கொக்கியை விடுவித்து இழுத்தால், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த ஃபில்டர் சாம்பல் நிறத்தில் வரும். மடிப்புகளில் வேப்பிலைச் சருகு, பூச்சிச் சிறகு, சில சமயம் எலிப் புழுக்கை. பழையதன் ஓரத்தில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துவிட்டுப் புதியதை அதே மாதிரி செருக வேண்டும். மூடி பொருந்தவில்லையென்றால் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும், திரும்பக் கழற்றி மாட்டலாம். லேபர் சார்ஜ் மிச்சமாவது இருக்கட்டும். பின் சீட்டில் குழந்தை எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டோம் அல்லவா, அதற்காகவே இந்த வேலையை நாம் ஒருமுறையாவது செய்ய வேண்டும்.

வைப்பர் பிளேடு, ஏர் ஃபில்டர், வாஷர் தண்ணீர் எல்லாம் இதே ரகம். டயர் காற்றழுத்தமும் அப்படித்தான். எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கிறது. ஓட்டிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஹாலஜன் பல்பு மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

ஃபியூஸ் மாற்றுவதும் நம்மால் முடிந்ததுதான். ஆனால் நிறத்தை மீறக் கூடாது. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் திரும்பத் திரும்பப் போகிறதே என்று பச்சையைச் செருகினால், ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும். ஒரே ஃபியூஸ் இரண்டாம் முறையும் போனால், உள்ளே ஏதோ ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிப்பது ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை. பேட்டரியில் கை வைப்பவர்கள் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். மைனஸ் இருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டதும் பொறி பறக்கும்.

இனி பிரேக். புது பேட் பழையதைவிடத் தடிமன். அதை உள்ளே நுழைக்கக் காலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளிய பிறகு பேட், டிஸ்க்கைத் தொடாமல் தள்ளியே நிற்கும். வண்டியை எடுப்பதற்கு முன் பெடலைப் பல முறை அழுத்தி, பிஸ்டனைத் திரும்ப முன்னால் கொண்டுவர வேண்டும். அதை மறந்துவிட்டு வண்டியை நகர்த்தினால் முதல் மிதியில் பெடல் நேராகத் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. மெக்கானிக்கின் கால் தானாக நாலு முறை அழுத்தும். அவருக்கு அது பழக்கம். நமக்கு அது வீடியோவில் ஓட்டிவிட்டுப் பார்த்த ஒரு வரி. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் இந்த நியாயம்தான்.

நிற்கும்போதே உயிரை வாங்கக்கூடியவையும் உண்டு. ஏர்பேக் ஒயர்களை மஞ்சள் நிறத்திலும், எலக்ட்ரிக் காரின் உயர் மின்னழுத்தக் கேபிள்களை ஆரஞ்சு நிறத்திலும் வைத்திருப்பதே தொடாதே என்று சொல்வதற்குத்தான். இன்றைய எலக்ட்ரிக் கார்கள் பலவற்றில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கூலன்ட், மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். ஆயில் மாற்றுவதை நான் வீட்டு வேலையில் சேர்க்காததற்கு இது ஒரு காரணம். வடித்த கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் முறையாக அப்புறப்படுத்த வீட்டில் வழியில்லை என்பது இன்னொரு காரணம்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதில் தப்பு உடனே தெரியாது, ஒரு வருஷம் கழித்துத் தெரியும். கூலன்ட் குறைந்திருக்கிறது என்று போர் தண்ணீரை ஊற்றுவது அப்படிப்பட்டது. அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் ஓடும். உப்பு மெதுவாகப் படிந்து, துரு ஏறி, அடுத்த கோடையில் இன்ஜின் சூடேறி நடுவழியில் நிற்கும்போது இந்தத் தண்ணீர் யாருக்கும் ஞாபகம் வராது. இந்த வகையில் நம் ஊகத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. கார் கையேட்டில் எந்த ஆயில், எந்தக் கூலன்ட், எந்த பிரேக் ஆயில் என்று போட்டிருக்கிறதோ அதுதான்.

எங்கே தெரியும் என்ற இந்தக் கேள்வியைச் சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளம் கடுமையாகக் கற்றுக்கொடுத்தது. தண்ணீர் வடிந்த பிறகு, வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையில் பலர் சாவியைத் திருப்பினார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால், காற்றை அழுத்துவதுபோல அதை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டும், கனெக்டிங் ராடு வளையும். கழுவி உலர்த்தி ஓட்டியிருக்க வேண்டிய இன்ஜின் அந்த ஒரு திருப்பலில் போய்விடும். ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி பெரும்பாலும் ஏற்பதில்லை, அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். மூழ்கிய வண்டிக்கு நாம் செய்யக்கூடிய ரிப்பேர் இரண்டுதான்: சாவியைத் தொடாமல் இருப்பது, வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்வது.

டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று படித்துச் சொல்ல இப்போது சின்ன ஸ்கேனர் விற்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போனில் எண் வரும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பொருள். ஆனால் அது சொல்வது பாதிதான். ‘பி0301’ என்று வந்தால் முதல் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பொருள். ஸ்பார்க் பிளக்கா, இக்னிஷன் காயிலா, இன்ஜெக்டரா என்று அது சொல்லாது. நல்ல மெக்கானிக் உடனே எதையும் வாங்கச் சொல்ல மாட்டார். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுவார். எண் ‘பி0302’ என்று மாறினால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, காயிலை மட்டும் மாற்றினால் போதும். மாறவில்லை என்றால் அடுத்து பிளக். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் அவர் செய்கிற இந்தச் சோதனைக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். “அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?” என்று பேரம் பேசும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிரிவினை எல்லாமே, நம்பி வண்டியைக் கொடுக்க அருகில் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. அவர் இருப்பாரா என்பதே இன்றைய கவலை. ஸ்பேர் பார்ட்ஸ், பழுதுபார்க்கும் விவரங்கள், சோதனைக் கருவிகள் ஆகியவை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் ரிப்பேர் செய்தார் என்பதற்காக மட்டுமே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. இணையதளம் தொடக்கம்தான். தெருமுனைப் பட்டறையில் இருப்பவருக்குக் கருவியும் விவரமும் நியாயமான விலையில் கையில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், கம்ப்யூட்டராகிக்கொண்டே போகும் காரை அவரால் திறக்க முடியாது. நாமே செய்வது அல்லது கம்பெனி கேட்பதைக் கொடுப்பது என்ற இரண்டு வழிதான் நமக்கு மிஞ்சும்.

அதனால் வாசலில் செய்ய முடிந்ததை வாசலில் செய்யுங்கள். மற்றதற்கு ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, அவரிடமே தொடர்ந்து போங்கள். கழற்றிய பழைய பார்ட்ஸைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நேர்மையானவர் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்திருப்பார். ஏன் போனது என்று கேளுங்கள். சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நம் கையும் கொஞ்சம் அழுக்காகியிருந்தால், அவர் நம்மை ஏமாற்றவும் வேண்டியதில்லை, நாம் அவரைச் சந்தேகப்படவும் வேண்டியதில்லை. அவர் கேட்கும் கூலி நியாயமென்றால் முழுதாகக் கொடுங்கள்.