ஆபத்து யாருக்கு?

‘பதட்டமான பகுதி’ என்கிற சொல் டி. கல்லுப்பட்டி டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. போலீஸ் வேன் நின்றால் பதட்டம்; போய்விட்டால் அமைதி. சேரிக்குள்ளே பயம் போச்சா இல்லையா என்று எவனும் கேட்பதில்லை.

மேலவளவில் நடந்ததைப் பாருங்கள். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டு விலகினார்கள். குடிசைகள் எரிந்தன. டிசம்பர் 28இல் வாக்குச்சாவடிக்குள் புகுந்து தேர்தலைக் கெடுத்தார்கள். 31ஆம் தேதி போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30, மதுரை கலெக்டர் அலுவலகம் போய்த் திரும்பியவரையும் மேலும் ஐந்து பேரையும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஓட்டுப்பெட்டிக்குக் கிடைத்த காவல் ஓட்டு வாங்கியவருக்குக் கிடைக்கல.

நான் வங்கி எழுத்தன். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் பணப்பெட்டி போனால் துப்பாக்கிக் காவலர் கூடவே போவார். கொள்ளை நடக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. மனித உயிர் என்றால் மட்டும் ‘சம்பவம் நடக்கட்டும்’ என்பதா?

சட்டத்தில் வழி இல்லாமலா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 3ஆவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய இடங்களை அரசு முன்கூட்டியே கண்டறிய வேண்டும், கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் போக வேண்டும். தேவைப்பட்டால் தலித் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யலாம். மேலவளவுக்கு இரண்டு வருஷம் முன்பே வந்த விதி இது.

அரசுக்குக் கணக்குப் போடத் தெரியாமலில்லை. இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குத் திரள்கிறவர்களை ஆபத்து என்று கணக்கிட்டது. 2011 செப்டம்பர் 11, பரமக்குடித் துப்பாக்கிச் சூட்டில் ஆறு உயிர் போனது. ஆபத்துக்கு ஆளானவர்களே ஆபத்தானவர்களாக எழுதப்பட்டார்கள்.

‘நாங்க தலையிட்டா ஊரில் பகை முற்றும்’ என்பார்கள் அதிகாரிகள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்து வருஷம் சொன்ன சாக்கு இதுதான். 2006இல் நிர்வாகம் மனசு வைத்தது, தேர்தல் நடந்தது. ஊர் இடிந்து விழவில்லை.

தோழர்களே, மாணவர்களே! 17ஆவது விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூடியதா? பதட்டமான ஊர்களின் பட்டியல் எங்கே? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். மிரட்டல் வந்த அன்றைக்கே எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிணம் விழுந்த பிறகு வருகிற வேனுக்குப் பாதுகாப்பு என்று பேர் வைக்காதீர்கள்.