'எல்ஸ்'ல விழுந்த ஆஜி

ஆடிட் முடிஞ்சு இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட முடியுது. நாக்பூர் வெயில் வேற. அதனால இன்னிக்கு ஆபீஸ் புராணம். டேட்டாபேஸ்னா காத தூரம் ஓடறவங்களும் படிக்கலாம், நானே பி.காம். தான் :-)

போன வருஷம் கிளைக்கு ஒரு ஆஜி வந்தாங்க. வயசு எழுபத்திரண்டு. கையில எஃப்.டி. ரசீது. "பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஒரே நாள்லதான் போட்டோம். அவருக்கு அரை பர்சன்ட் கூட வருது, எனக்கு ஏன் வரல பேட்டா?" நியாயமான கேள்வி. சீனியர் சிட்டிசன் வட்டி அவங்களுக்கு வந்திருக்கணும்.

தோண்டிப் பார்த்தா, அவங்க பிறந்த தேதிக் கட்டம் காலி. லெட்ஜர் காலத்துக் கணக்கு. கம்ப்யூட்டருக்கு ஏத்தினப்ப விட்டுப் போயிருக்கு. சரி, காலியா இருந்தா சிஸ்டம் கேட்டிருக்கணுமே? கேட்கல. ஏன்னா யார் சீனியர்னு பிரிச்ச க்வெரியில இருந்தது ஒரே ஒரு 'கேஸ்': வயசு 60 அல்லது அதுக்கு மேலன்னா சீனியர், 'எல்ஸ்' சாதாரணம்.

இந்த 'கேஸ்'ங்கறது தபால் பிரிக்கிற மாதிரி. மேலேருந்து ஒவ்வொரு நிபந்தனையா பார்த்து, முதல்ல எது பொருந்துதோ அந்தப் பையில போட்டுட்டுப் போயிடும். மிச்சமெல்லாம் கடைசிப் பையில, அதாவது 'எல்ஸ்'ல. அதனால வரிசை முக்கியம். கடன் பாக்கியைப் பிரிக்கும்போது '30 நாளுக்கு மேல்'ங்கறதை முதல்ல எழுதிட்டா, 95 நாள் பாக்கியும் அங்கேயே மாட்டிக்கும், என்.பி.ஏ. வரிக்கு வந்தே சேராது. இந்தத் தப்பு சீக்கிரம் தெரிஞ்சுடும், கூட்டல் உதைக்கும்.

ஆஜி விஷயம் தெரியாது. காலிக் கட்டத்தை 'நல்'னு சொல்றாங்க. அது பூஜ்யம் இல்ல, 'தெரியாது'. தெரியாத வயசு 60-ஐத் தாண்டிச்சான்னு கேட்டா, ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல. 'வென்'ல நுழைய 'ஆமா' வேணும். அதனால நேரா 'எல்ஸ்'. எந்த எர்ரரும் வராது.

ப்ரோக்ராம் எழுதின பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நோட்ல அப்படித்தானே சார் இருந்தது"ன்னான். எடுத்துப் பார்த்தேன். '60 வயது நிறைந்திருந்தால் மூத்த குடிமகன், இல்லையென்றால் சாதாரணம்.' கீழ கையெழுத்து என்னோடது!

அதான் சொல்றேன், தப்பு ஐ.டி. பசங்களோடது இல்ல. விதி தெரிஞ்ச நாமதான் 'இல்லை'யையும் 'தெரியல'யையும் ஒரே பையில போடறோம். 'எல்ஸ்'ல நிஜமான வகை எதையும் வைக்கக் கூடாதுங்கறது என் கட்சி. முதல் வரியிலேயே பிறந்த தேதி 'இஸ் நல்'லான்னு கேட்டுத் தனியா ஒதுக்கணும். சமக்குறி போட்டு 'நல்'லைத் தேடினா ஒண்ணும் சிக்காது, அதுக்கும் பதில் 'தெரியாது'தான். அப்புறம் 60-க்கு மேல ஒரு வரி, 60-க்குக் கீழ ஒரு வரி. 'எல்ஸ்'ல 'சரிபார்க்கவும்'னு மட்டும்.

"அந்த லிஸ்ட் ரொம்ப நீளும், யார் சார் உட்கார்ந்து திருத்தறது?"ன்னான். நீளத்தான் நீண்டுச்சு. ஒரு கிளைக்கே நாலு பக்கம். அதைத் திருத்தறதுதான் வேலை, மத்த ஆணியெல்லாம் அப்புறம் பிடுங்கிக்கலாம். அப்படி வராத லிஸ்ட்டால நஷ்டம் பேங்குக்கு இல்லையே, ஆஜிக்குத்தானே?

ஆஜிக்கு வித்தியாசத் தொகையைக் கணக்குல சேர்த்தாச்சு. "கேட்க வராதவங்களுக்கு?"ன்னாங்க. நாலு பக்கத்தைக் காட்டினேன்.

ஊர்ல அப்பா அம்மா பேர்ல டெபாசிட் இருந்தா, பேங்க் கணக்குல பிறந்த தேதி ஏறியிருக்கான்னு ஒரு தடவை கேட்டுடுங்க. வட்டி மட்டும் இல்ல, டி.டி.எஸ்.ஸும் இருக்கு. 2025 ஏப்ரல்லேருந்து பேங்க் வட்டிக்குப் பிடித்தமில்லாத வரம்பு சீனியருக்கு வருஷம் 1 லட்சம், மத்தவங்களுக்கு 50 ஆயிரம்.

எங்கம்மா கணக்கை கும்பகோணத்துல தம்பியைப் பார்க்கச் சொன்னேன். தேதி இருக்காம், ஜனவரி 1. அம்மா பிறந்தது ஆடி மாசம். அதுக்கு என்ன 'வென்' எழுதறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்.