நாற்றுக் கணக்கு

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்: "உங்கப்பா இந்நேரம் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே?" சிரித்து வைத்தேன். அதற்கு ஆறு வாரம் முன்புதான் அப்பா எங்கள் ஒன்றரை ஏக்கர் தக்காளிக்குள் ஆடுகளை விட்டிருந்தார். அப்போது பதினான்கு கிலோ பெட்டி தொண்ணூறு ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பறிகூலி, வண்டி வாடகை, இறக்குகூலி, கமிஷன் எல்லாம் போக பெட்டிக்குப் பத்து ரூபாய் கையில் நின்றால் அதிகம். கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. "ஆடாவது வயிறு நெறையட்டும்" என்றார் அப்பா.

நண்பர் அதோடு விடவில்லை. "நம்ம ஃபார்மர்ஸுக்கு பிளானிங் இல்ல ப்ரோ. ஒரு நல்ல ஆப் இருந்தா எல்லாம் சால்வ்." இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. ஆனால் அவரைத் திட்டுவதற்கு முன் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஒன்றரை ஏக்கரைத் திட்டமிட்டவன் நான்தான்.

எங்கள் நிலம் ஒட்டன்சத்திரம் பக்கம். மூன்று ஏக்கர், ஒரு கிணறு, சொட்டுநீர்க் குழாய். 2023 பொங்கல் லீவில் மடிக்கணினியோடு போய் உட்கார்ந்தேன். அரசு இணையதளத்திலிருந்து பத்து வருட விலைகளை இறக்கி, மாத வாரியாகச் சராசரி போட்டு, வண்ணக் கோடுகளாக வரைந்திருந்தேன். கோடு தெளிவாகச் சொன்னது: மாசியில் நட்டால் சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் விலை இருக்கும். காரணமும் கையில் இருந்தது. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளியில் பூ உதிரும், காய்ப்பிடிப்பு குறையும், வரத்து குறையும். 2022 மே மாதத்தில் தக்காளி நல்ல விலைக்குப் போனதும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

அப்பா மனதில் வேறு கணக்கு. அரை ஏக்கர் தக்காளி, முப்பது சென்ட் வெண்டை, முப்பது சென்ட் கொத்தவரை, இருக்கிற கல்தூண் பந்தலில் பீர்க்கு. மிச்சம் சும்மா கிடக்கட்டும், சித்திரையில் தண்ணீர் போதாது என்றார். "அப்பா, இது டேட்டா" என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "சரி சாமி, படிச்சவன் சொல்ற" என்று எழுந்து போனார். அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி வங்கிக்குப் போனது.

அப்பாவின் கணக்கை நான் 'பழக்கம்' என்று நினைத்தேன். அது திட்டம் என்பது பிறகுதான் புரிந்தது. கோடையில் காய்கறி வைப்பவர் மனதுக்குள் ஓடுவதை எழுதிப் பார்த்தால் எங்கள் அலுவலகத்தின் எந்தத் திட்ட ஆவணமும் அதன் முன் நிற்காது. தை மாதத்தில் கிணற்றில் எத்தனை படி தெரிகிறது, மோட்டார் தொடர்ந்து எத்தனை மணி நேரம் இழுக்கிறது என்பதை வைத்து சித்திரையின் மோசமான வாரத்துக்குத் தண்ணீரை ஒதுக்குகிறார். எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் காய்ப்புக்கு வந்தால் தண்ணீரும் ஆளும் ஒரே வாரத்தில் வேண்டும்; அதனால் வெண்டையைப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக ஊன்றுகிறார். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கும், ஆனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். அதற்கு ஆள் யார் வருவார்கள் என்பதை விதைக்கும்போதே பேசி வைக்கிறார். கோடையில் வெள்ளை ஈ ஏறும், வெண்டையில் மஞ்சள் தேமலும் தக்காளியில் இலைச்சுருட்டும் அதோடு வரும். எனவே நாற்று வலைக்குள் வளர்ந்ததா என்று பார்க்காமல் வாங்கமாட்டார். கொத்தவரை எதற்கு? எல்லாம் போனாலும் அது வெயில் தாங்கும்.

இத்தனையும் அவரால் திட்டமிட முடிகிறது. முடியாதது ஒன்றே ஒன்று: இதே வாரம் மற்றவர்கள் என்ன நடுகிறார்கள் என்பது.

இங்கேதான் ஆப் காரர்களோடு என் சண்டை. நடவு நேரத்தில் விவசாயி கையில் இருப்பது இன்றைய விலை. குழித்தட்டில் இருபத்தைந்து நாள், நட்ட பின் அறுபது, அறுபத்தைந்து நாள், ஏறக்குறைய 90 நாள் கழித்துத்தான் அவர் காய் சந்தைக்கு வரும். அன்றைக்கு இருக்கப்போகும் விலைக்கும் இன்றைய விலைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, தலைகீழ்ச் சம்பந்தம். இன்று விலை ஏறினால் எல்லோரும் நடுவார்கள், 90 நாளில் விழும். விழுந்தால் எல்லோரும் விடுவார்கள், பிறகு ஏறும். 1928இல் ஆர்தர் ஹனாவ் என்ற ஜெர்மன் பொருளியலாளர் பன்றி விலையில் இதைக் கண்டு எழுதினார். 1934இல் நிக்கோலஸ் கால்டார் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர் வைத்தார். கிட்டத்தட்ட நூறு வருடமாகத் தெரிந்த விஷயம். இன்னும் நாம் விவசாயி கையில் கொடுப்பது இன்றைய விலையைத்தான். 2016இல் வந்த இ-நாம் காட்டுவது விலை. வாட்ஸ்அப் குழுக்களில் காலையில் வருவது விலை. என் வண்ணக் கோடுகளும் விலை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன் விலை முன்னறிவிப்பு தருகிறது. ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அதற்கும் அடிப்படை பழைய விலைகளும் சந்தை ஆய்வும்தான்.

என் தொழிலில் இது தினசரிப் பாடம். இணையதளத்தில் கூட்டம் கூடினால் புதிய சர்வர்கள் தானாகச் சேரும்படி நிரல் எழுதுவோம். ஒரு சர்வர் எழுந்து வேலைக்கு வர பத்து நிமிடம் ஆகும் என்று வையுங்கள். நிரல் கூட்டத்தை மட்டும் பார்த்தால், அந்தப் பத்து நிமிடமும் 'போதவில்லை, போதவில்லை' என்று சேர்த்துக்கொண்டே போகும். பிறகு எல்லாம் ஒன்றாக எழுந்து வெட்டியாக நிற்கும். இதற்கு மருந்து ரொம்ப எளிது: கூட்டத்தோடு சேர்த்து, ஏற்கெனவே எழுந்துகொண்டிருக்கும் சர்வர்கள் எத்தனை என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்ட விஷயம். அப்பாவின் நிலத்துக்கு முன்னால் உட்கார்ந்தபோது அது எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது ஒரு நாற்றுப்பண்ணையில். 2023 ஜூலை கடைசி, ஆடி பிறந்திருந்தது. அப்பா மிளகாய் நாற்று விசாரிக்கச் சொன்னார், போனேன். நிழல்வலைக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய வரை குழித்தட்டு, தட்டுக்குத் தொண்ணூற்றெட்டு குழி, எல்லாவற்றிலும் தக்காளி. வாசலில் ஆட்கள் நின்றார்கள். பண்ணைக்காரர் மேசையில் நீளமான நோட்டு ஒன்று. தேதி, ஊர், பெயர், பயிர், ரகம், எண்ணிக்கை, முன்பணம். ஒரு பக்கம் முழுக்கத் தக்காளி.

"என்னங்கண்ணா, எல்லாம் தக்காளியா?" என்றேன்.

"ஆமா தம்பி. புரட்டாசியில ரோட்டுல கொட்டுவாங்க, பாருங்க."

"அவங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னா நாத்து யாரு வாங்குவா? நானும் விதைக்கு முன்பணம் கட்டியிருக்கேன்ல."

ஜனவரிப் பக்கங்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். புரட்டிக் காட்டினார். அப்பாவின் பெயர் இருந்தது: தக்காளி, பதினோராயிரம். அதற்கு மேல் வரியில் தக்காளி. கீழ் வரியிலும் தக்காளி. அடுத்த பக்கத்திலும் அதுதான். நான் மடிக்கணினியில் பத்து வருட விலையைச் சலித்துக் கண்டுபிடித்த ரகசியத்தை, மடிக்கணினி இல்லாமலே அத்தனை பேரும் கண்டுபிடித்திருந்தார்கள். ஏப்ரலில் என்ன விலை இருக்கும் என்பது ஜனவரியிலேயே அந்த நோட்டில் எழுதியிருந்தது. அப்பா முன்பணம் கட்டும்போது அது அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்திருக்கிறது.

அவர் சொன்னபடியே நடந்தது. அந்த செப்டம்பரில் நாட்டின் பல இடங்களில் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். நாம் படம் பகிர்ந்தோம். சிலர் கவிதையும் எழுதினோம்.

என் கோரிக்கை ஒன்றே. நாற்றுப்பண்ணைகளின் புக்கிங் எண்ணிக்கையை வாரம் ஒருமுறை, தாலுகா வாரியாக, பயிர் வாரியாக அரசு திரட்டி வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், ரகம் வேண்டாம், முன்பணம் வேண்டாம். மொத்த எண்ணிக்கை மட்டும். தக்காளி, கத்திரி, மிளகாய் பெரும்பாலும் இன்று குழித்தட்டு நாற்றாகவே நிலத்துக்குப் போகின்றன. அந்த மூன்றோடு தொடங்கலாம். நேரடியாக ஊன்றும் வெண்டைக்கும் கொத்தவரைக்கும் விதைக்கடை விற்பனை இருக்கிறது.

முடியாத காரியமா? கரும்பைப் பாருங்கள். எந்த வயல் எந்த தேதியில் நட்டது என்று சர்க்கரை ஆலை பதிந்து வைக்கிறது, அதை வைத்துத்தான் வெட்டுக்கு முறை கொடுக்கிறது. ஆலைக்குத் தேவை இருந்தது, கணக்கு வந்தது. ஒட்டன்சத்திரத்துக் காய் அதிகமும் போவது கேரளத்துக்கு. அந்த மாநிலம் 2020 நவம்பரில் தன் விவசாயிகளின் பதினாறு வகை விளைபொருள்களுக்கு அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதைப் பெற விவசாயி தன் பயிரை முன்கூட்டியே பதிய வேண்டும். நம்மிடம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் இருக்கிறது. அது பயிர் நிலத்தில் நின்ற பிறகு எழுதுவது, விலை விழுமா என்று சொல்ல எழுதுவதல்ல.

என்ன எதிர்ப்பு வரும் என்றும் தெரியும். எண்ணிக்கையைப் பார்த்து எல்லோரும் தக்காளியை விட்டு ஓடினால்? ஓடலாம். ஆனால் அடுத்த வாரமே எண்ணிக்கை குறைந்தது தெரியும், சிலர் திரும்புவார்கள். தவறு ஒரு வாரத்தில் தெரிவதும் 90 நாள் கழித்து ஆட்டை விடும்போது தெரிவதும் ஒன்றல்ல. வியாபாரிகள் இதை வைத்து விலையை அமுக்குவார்களே? நாலு பண்ணைக்கு போன் போட்டால் அவர்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பவர் நடுகிறவர் மட்டும்தான். கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் வருகிற தக்காளிக்கு நம் கணக்கு என்ன செய்யும்? நியாயமான கேள்வி. அதனால்தான் இதை ஒரு ஆப் நிறுவனம் செய்ய முடியாது, அரசுகள் பேசிச் செய்ய வேண்டும் என்கிறேன்.

இன்னொரு உபதேசமும் உண்டு: பல பயிராகப் பிரித்து நடு. என் அப்பா பிரித்துத்தான் நட நினைத்தார், அவர் சொன்னதே சரி. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. நாலு பெட்டிக் காய்க்கும் நாற்பது பெட்டிக்கும் வண்டி வாடகை கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்று ஏக்கர்காரர் பிரித்து நட்டால் பெரிய நஷ்டம் வராது, பெரிய லாபமும் வராது. அந்தக் காப்பீட்டுக்கான தவணையை அவர் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். உபதேசிக்கிறவர் அதில் பங்கு போடுவதில்லை.

2023 ஜூலையில் விலை ஏறியதும் சென்னை ரேஷன் கடைகளில் கிலோ அறுபது ரூபாய்க்குத் தக்காளி வந்தது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேகத்தைக் கவனியுங்கள். வாங்குகிறவனுக்கு வலித்தால் சில நாளில் கை நீள்கிறது. பெட்டி தொண்ணூறு ரூபாய்க்குப் போன மே மாதத்தில் அந்தக் கை எங்கே இருந்தது? அந்த மே மாதம்தான் ஜூலையை உண்டாக்கியது. ஆட்டை விட்டவர்கள் அடுத்த நடவு நடவில்லை, அதனால்தான் காய் இல்லை. விதைக்கிறவரைக் காப்பாற்றுவதும் வாங்குகிறவரைக் காப்பாற்றுவதும் ஒரே வேலை.

போன தையில் அப்பா நாற்றுப்பண்ணைக்குப் போய் முதலில் நோட்டைக் காட்டச் சொல்லியிருக்கிறார். பண்ணைக்காரர் தெரிந்தவர், காட்டினார். தக்காளி நிறைய இருந்ததாம். கத்திரி நாற்று மூவாயிரம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார். விலை சுமாராகத்தான் நின்றது. சங்கிலியை மீட்டாயிற்று. ஆனால் பழக்கத்தால் ஒருவருக்குக் காட்டப்பட்ட நோட்டு அது. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு யாரும் காட்டவில்லை.