ஹீலியோஸுக்கு ஒரு மோட்டார்

58 மி.மீ. லென்ஸை எஃப்/2-இல் முழுக்கத் திறந்து, ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை ஃபுல் ஃபிரேம் கேமராவில் எடுத்தால், படத்தில் தெளிவாக விழுவது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் ஆழம்தான். கண் ஷார்ப்பாக இருந்தால் காது மங்கிவிடும். எதிரே இருப்பவர் சிரித்துக்கொண்டே லேசாக முன்னால் சாய்ந்தாலே போச்சு. பழைய மேனுவல் லென்ஸில் முகம் எடுக்கிறவர்களுக்கு மல்லுக்கட்டெல்லாம் இந்த மூன்றரை சென்டிமீட்டரோடுதான்.

மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு அந்தக் கஷ்டம் பாதி குறைந்தது. கண்ணாடிப் பெட்டி போய்விட்டதால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே நிறைய இடம் மிச்சம். எந்தக் காலத்து லென்ஸையும் ஒரு வளையம் போட்டு மாட்டிவிடலாம். வ்யூஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம். மலைக்கும் கோயில் தூணுக்கும் இது போதும். குழந்தைக்குப் போதாது. பெரிதாக்கி, ரிங்கைத் திருகி, சரிபார்த்து முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டிருக்கும்.

என் சித்தப்பா கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஜெனிட்-ஈ கேமரா பழுதாகிப் போனாலும் அதோடு வந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸை மட்டும் அவர் விடவே இல்லை. கார்ல் ஜெய்ஸ் ஜெனாவின் பயோட்டர் லென்ஸைப் பின்பற்றி சோவியத் ரஷ்யாவில் செய்த லென்ஸ் அது. பின்னால் மரத்தின் இலைகள் இருந்தால் அவற்றைச் சுழலாகச் சுருட்டிக் காட்டும். இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகு சித்தப்பாவுக்கு வ்யூஃபைண்டரில் ஷார்ப் எது, மங்கல் எது என்று பிடிபடவில்லை. லென்ஸ் பீரோவுக்குள் போனது.

அதை வெளியே எடுக்க வைத்தது 2016-இல் வந்த டெக்ஆர்ட் எல்எம்-ஈஏ7 என்ற அடாப்டர். லைக்கா எம் லென்ஸ்களைச் சோனி கேமராவில் மாட்டுவதற்காகச் செய்தது. லைக்கா எம் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 27.8 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். சோனி ஈ மவுண்ட் 18 மி.மீ.தான். நடுவே கிடைக்கிற 9.8 மி.மீ. இடத்தில் ஒரு மோட்டாரை வைத்து, மொத்த லென்ஸையும் 4.5 மி.மீ. வரை முன்னே தள்ளிப் பின்னே இழுக்கிறார்கள். லென்ஸுக்குள் ஒன்றையும் தொடுவதில்லை. கேமராவோ தன் கம்பெனி ஆட்டோஃபோகஸ் லென்ஸ்தான் மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் தேடிப் பிடிக்கிற வேலையை வழக்கம்போலச் செய்கிறது. சென்சாரிலேயே ஃபேஸ் (phase) டிடெக்‌ஷன் இருக்கிற கேமராவாக இருக்க வேண்டும். ஏ7 II, ஏ7ஆர் II அந்த வகை.

ஹீலியோஸ் எம்42 திருகு மவுண்ட். அதற்கும் லைக்கா எம்முக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 17.7 மி.மீ. அந்த நீளத்துக்கு வெறும் உலோக வளையம் ஒன்றை முதலில் திருகி, பிறகு டெக்ஆர்ட், பிறகு கேமரா. வெறும் வளையம் இம்மியளவு குட்டையாக இருந்தால் பரவாயில்லை, மோட்டார் ஈடுகட்டிவிடும். நெட்டையாக இருந்தால் தொலைவில் உள்ளது எதுவும் ஃபோகஸ் ஆகாது. மோட்டாரால் லென்ஸை வெளியேதான் தள்ள முடியும், இன்னும் உள்ளே இழுக்க முடியாது. வாங்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

சித்தப்பா முதலில் நம்பவில்லை. ரிங்கை முடிவிலியில் வைக்கச் சொன்னேன். அப்பர்ச்சர் ரிங்கை எஃப்/2-க்குக் கொண்டுவந்து, திண்ணையில் தயிர் கடைந்துகொண்டிருந்த சித்தியைப் பார்த்து பட்டனை அழுத்தினார். கிர்ரென்று ஒரு சத்தம், லென்ஸ் மொத்தமும் நகர்ந்தது. “என்னடா இது, கண்ணு மேலயே போயி நிக்குது!” என்றார். அதற்குப் பிறகு சித்திக்கு வேலை ஓடவில்லை.

எல்லா லென்ஸுக்கும் இது ஒரே மாதிரி ஒத்துழைக்காது. 4.5 மி.மீ. நகர்ந்தால் 50 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் வரை வந்துவிடும். ஹீலியோஸ் 80 சென்டிமீட்டர் வரை. 135 மி.மீ. லென்ஸோ நான்கு மீட்டர் தாண்டி உள்ளே வராது. கிட்டே வேண்டுமென்றால் ரிங்கைக் கையால் திருப்பி வைத்துவிட்டு மீதியை மோட்டாரிடம் விட வேண்டும். கிட்டே ஃபோகஸ் செய்யும்போது உள் கண்ணாடிகளின் இடைவெளியும் மாறும்படி செய்த சில வைட் லென்ஸ்களை இப்படி மொத்தமாகத் தள்ளினால் ஓரங்கள் கெடும். கனமான லென்ஸ் மோட்டாருக்கு ஆகாது. எஃப்/8-க்கு மேல் மூடிவிட்டால் கேமரா தடுமாறும். வீடியோவுக்கு இந்தச் சத்தம் உதவாது.

“கையால் திருப்பாவிட்டால் அது என்ன மேனுவல் லென்ஸ்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஹீலியோஸின் குணம் அதன் கண்ணாடியில் இருக்கிறது, ரிங்கைத் திருகுகிற விரலில் இல்லை. இந்த ஆசையும் இன்று நேற்று வந்ததல்ல. மேனுவல் ஜெய்ஸ் லென்ஸ்களை ஆட்டோஃபோகஸ் ஆக்க, 1996-இல் கியோசெரா நிறுவனம் கான்டாக்ஸ் ஏஎக்ஸ் கேமராவில் ஃபிலிமையே பின்னுக்கு நகர்த்தியது. ஒரு கிலோவைத் தாண்டிய பெட்டி அது. அவ்வளவு பெரிய உடம்பு செய்த வேலையை இன்று விரல் கனத்துக்கு ஒரு வளையம் செய்கிறது. கண் மங்கியவருக்கும் கை நடுங்குகிறவருக்கும் அவர்கள் லென்ஸ் திரும்பக் கிடைப்பதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது.

சித்தப்பாவுக்கு இப்போது 85 மி.மீ. ஒன்று வேண்டுமாம். போன வாரம் போனில் கேட்டார்: “ரிங்க ரெண்டு மீட்டர்ல வச்சிட்டா மிச்சத்த அது பாத்துக்கும்ல?” கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே வரை வரும். பேரப்பிள்ளைகளை எடுக்க அது தாராளம் என்று சொல்லியிருக்கிறேன்.