எல்லைக்கோட்டை வரையப்போகும் கணினி

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கி.மீ. தொலைவுக்குள் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி அளிக்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-இல் பிறப்பித்த உத்தரவு ஓர் இடைக்கால ஏற்பாடுதான். சதுப்பு நிலத்தின் 'தாக்க மண்டலம்' எது என்பது அறிவியல்பூர்வமாக வரையறுக்கப்படும் வரையே அதற்கு ஆயுள். அதன்பின் இந்த ஒரு கி.மீ. மறைந்து வேறொரு கோடு வரும். அந்தக் கோட்டுக்கு உள்ளே விழும் மனைக்கும் வெளியே விழும் மனைக்கும் விலையில் என்ன வேறுபாடு இருக்கும் என்பதைப் பழைய மாமல்லபுரம் சாலையில் நிலம் வாங்கியவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தாக்க மண்டலத்தைத் தொலைவைக் கொண்டு வரையறுக்கவில்லை. நீர்ப்பிடிப்புப் பரப்பின் எந்தப் பகுதியில் நடைபெறும் வளர்ச்சிப் பணிகள் ஈரநிலத்தின் இயல்பைக் கெடுக்குமோ, அந்தப் பகுதியே தாக்க மண்டலம். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணையின் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். அதற்கு நீர் தரும் பரப்போ ஏறத்தாழ 250 சதுர கி.மீ. தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி இங்கே வடிகின்றன. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், பின்னர் முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் நீர் செல்கிறது. ஐந்து கி.மீ. தள்ளி இருக்கும் ஓர் ஏரியின் கலங்கல் அடைபட்டால் சதுப்பு நிலம் பாதிக்கப்படும். அதே சமயம், அரை கி.மீ. தொலைவில் உள்ள மேட்டு நிலத்தின் நீர் வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

எனவே, கணினி மாதிரி தவிர்க்க முடியாதது. நிலப்பரப்பைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் எவ்வளவு மழைநீர் இறங்குகிறது, மண் எவ்வளவு வேகமாக நீரைக் கடத்துகிறது, கிணறுகள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை உள்ளிட்டால், நீர்மட்டம் எங்கே எப்படி மாறும் என்று அது கணக்கிடும். இதற்கென அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 'மாட்ஃப்ளோ' என்ற மென்பொருளும் அதன் பிந்தைய வடிவங்களும் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே, கருவி இல்லை என்பதல்ல குறை.

கடற்கரையில் இந்தக் கணக்கு மேலும் நுட்பமாகிறது. உப்புநீர் நன்னீரைவிடச் சற்றே அடர்த்தியானது. அதனால் நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய விதி. மட்டம் அரை மீட்டர் தாழ்ந்தால் உவர்நீரின் எல்லை காலப்போக்கில் 20 மீட்டர் மேலேறிவிடும். ஒரு கண்காணிப்புக் கிணற்றின் தலைமட்டத்தை அளப்பதில் 10 செ.மீ. பிழை நேர்ந்தாலே, உவர்நீர் எல்லையைக் கணிப்பதில் 4 மீட்டர் பிழை ஏற்படும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிணறுகளின் பழைய நீர்மட்டங்களோடு மாதிரியின் கணக்கு ஒத்துப்போனால் மாதிரி சரியானது என்று அறிக்கைகள் சொல்கின்றன. இது போதாது. உறிஞ்சலே இல்லாத எளிய நிலையை எடுத்துக்கொள்வோம். மண்ணுக்குள் இறங்கும் மழைநீரையும், மண்ணின் கடத்துதிறனையும் ஒருசேர இரட்டிப்பாக்கினால் நீர்மட்டம் மாறாது. இரண்டு மாதிரிகளும் பழைய பதிவுகளோடு ஒரே அளவு பொருந்தும். ஆனால், ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு நீர் கடலுக்கு ஓடுவதாகச் சொல்லும். எவ்வளவு நீர் எடுக்கலாம் என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு விடை தரும். பொருளியல் மாணவர்களுக்கு இது பழகிய தலைவலி. சந்தை விலையை மட்டும் வைத்துக்கொண்டு தேவை எவ்வளவு, அளிப்பு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது என்று எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். விலைக்குப் பதில் நீர்மட்டம், அவ்வளவே.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேறு அளவீடுகள் வேண்டும். அவற்றுள் முதன்மையானது உறிஞ்சப்படும் நீரின் அளவு. தென்சென்னையின் அடுக்ககங்களும் அலுவலகங்களும் கோடையில் தனியார் தண்ணீர் லாரிகளை நம்பியிருக்கின்றன. அந்த லாரிகளை நிரப்பும் ஆழ்துளைக் கிணறுகள் நாள்தோறும் எத்தனை லிட்டர் எடுக்கின்றன என்பதற்கு நம்பத்தக்க பொதுப்பதிவு கிடையாது. மாதிரியில் அந்த இடத்தில் ஓர் ஊகம்தான் அமரப்போகிறது. ஊகத்தைச் சிறிதாக்கினால் தாக்க மண்டலமும் சிறிதாகலாம்.

ஊகத்தின் விலை என்ன என்பதற்கு நகரின் வட எல்லையில் சான்று இருக்கிறது. மீஞ்சூர் பகுதியில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் ஒரே மணற்படுகையிலிருந்து நீர் எடுக்கப்பட்டது. 1960-களின் இறுதியிலேயே உவர்ப்பு தெரியத் தொடங்கியது. பின்னர் அது பல கி.மீ. உள்நோக்கி நகர்ந்தது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1987-இல். உள்ளே வந்த உப்பு, சட்டம் வந்ததும் திரும்பிச் சென்றுவிடவில்லை.

ஒரு புறம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலமும் மறுபுறம் கடலும் கொண்ட மயாமி, நம் தென்சென்னைக்கு ஒப்பான இடம். கால்வாய் ஓட்டத்தையும் நிலத்தடி நீரையும் இணைத்து அப்பகுதிக்கென ஒரு மாதிரியை 2014-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. தன் மாதிரிகளின் உள்ளீட்டுக் கோப்புகளையும் பொதுவெளியில் வைப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். எதிர்த்தரப்பினரும் அவற்றை இயக்கிப் பார்த்து முடிவு மாறுகிறதா என்று சோதிக்கலாம்.

நம் நாட்டில் இறுதி வரைபடம் மட்டுமே வெளிவருவது வழக்கமாகிவிட்டது. நில அளவையர் சங்கிலி பிடித்து அளந்தால் ஊரார் நின்று பார்க்கலாம். கணினிக்குள் ஓர் எண்ணைத் திருத்தினால் யார் பார்ப்பது? பள்ளிக்கரணையின் கோடு அறிவிக்கப்படும்போது உள்ளீடுகள், எடுத்துக்கொண்ட ஊகங்கள், ஊகம் மாறினால் கோடு எவ்வளவு நகரும் என்ற கணக்கு ஆகிய மூன்றையும் அரசு உடன் வெளியிட வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கும் கால அவகாசமும் அந்தக் கோப்புகள் வெளியான நாளிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கு முன்னரே செய்யக்கூடியது ஒன்று உண்டு: லாரிகளுக்கு நீர் விற்கும் கிணறுகளில் அளவுமானி பொருத்துவது. அடுத்த கோடை முடிவதற்குள், ஊகத்தின் இடத்தில் வைக்க ஒரு பருவத்தின் மெய்யான எண்கள் கிடைத்துவிடும்.