வாசல்படி சொல்லும் விலை

வீடு பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் வரவே இல்லை.

திருச்சி திருவெறும்பூர் பக்கம் ஓர் உள்தெரு. 1996-ல் கட்டிய தனி வீடு. கணவர் பணி ஓய்வு பெற்றவர். மனைவிக்கு முழங்கால் வலி. கோவையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அருகே லிஃப்ட் வசதியுள்ள ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதிப் பணம் இந்த வீடு விற்றால்தான் வரும்.

அன்று காரில் வந்த குடும்பம் கேட்டைத் திறந்து நாலடி உள்ளே வைத்தது. பாசி படிந்து கறுத்த சிமென்ட் தரை, விளிம்பு உடைந்த மூன்று படிகள், துரு வடிந்த கேட், பாதி உரிந்த ஸ்டிக்கர் கோலம். “ரொம்ப வேலை இருக்கும்போல” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். “இன்னொரு நாள் வர்றோம் சார்” என்று கிளம்பியும் விட்டார்கள்.

தரகர் ஒரு யோசனை சொன்னார். “போர்டிகோ, படி எல்லாத்தையும் கொத்திட்டு கிரானைட் போட்டுடுங்க சார். அந்த விரிசலும் தெரியாது, வீடும் எடுப்பா இருக்கும்.”

அவர் போன பிறகு மனைவி கேட்டார், “என்னங்க, விக்கப்போற வீட்டுக்கு யாராவது கிரானைட் போடுவாங்களா?”

நியாயமான கேள்வி. வாங்குகிறவர் தன் விருப்பப்படி மாற்றத்தான் போகிறார். நாம் போட்ட கல் அவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. போட்ட பணம் அப்படியே விலையில் திரும்பி வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வாசலில் அவர் பார்ப்பது ஆடம்பரத்தை அல்ல. ‘வாசலையே இப்படி வைத்திருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத குழாயையும் ஒயரையும் எப்படி வைத்திருப்பார்கள்’ என்றுதான் அவர் மனம் கணக்குப் போடுகிறது.

அடுத்த தெருவில் இருந்த வயதான கொத்தனார் வந்து பார்த்தார். “இடிக்க ஒண்ணும் இல்லைம்மா. முதல்ல கழுவுங்க. கழுவினாத்தான் எது அழுக்கு, எது உடைசல்னு தெரியும்” என்றார்.

கழுவினாலே பாதி வேலை

பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போதும். வாளி நீரில் கரைத்து, தெளிந்த பிறகு தரையில் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கடினமான பிரஷ்ஷால் தேய்த்து நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கையுறையும் முகக்கவசமும் அவசியம். செடிகள் மீதும் இரும்பு கேட் மீதும் அந்த நீர் படக்கூடாது. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சைப் பாதிக்கும்.

‘ஆசிட் ஊத்தினா பளிச்சுனு ஆயிடும்’ என்பார்கள். ஆகும். ஆனால் ஆசிட் சிமென்ட்டையே அரித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த மழைக்கு அழுக்கும் பாசியும் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

வண்டி நிற்கும் இடத்து எண்ணெய்க் கறைக்கு மரத்தூளைத் தூவி ஊறவிட்டுக் கூட்டி, பிறகு சோப்புத்தூளைக் குழைத்துத் தேய்த்தால் கறை மங்கும். ஸ்டிக்கர் கோலம் விட்டுப்போன பசைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஊறியதும் சுரண்டினால் வந்துவிடும். பிறகு சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும்.

இரண்டு நாள் உழைப்பில் தரை சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. அப்போதுதான் அந்த விரிசல் முழுதாகத் தெரிந்தது. படிகளுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே, மேலிருந்து கீழ் வரை.

விரிசல் ஏன் வந்தது?

கணவருக்கு முகம் வாடிவிட்டது. கொத்தனார் குனிந்து பார்த்தார். “பயப்படாதீங்க சார். படியை வீட்டோட அஸ்திவாரத்துல கட்டலை. பின்னாடி மண்ணை நிரப்பி அது மேல கட்டியிருக்கு. அந்த மண்ணு இறங்கியிருக்கு” என்றவர், மேலே கை காட்டினார். மொட்டை மாடி மழைநீர்க் குழாய் படிக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் நீர் அங்கே கொட்டிப் படிக்கு அடியிலிருந்த மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்யாமல் மேலே கிரானைட் போட்டிருந்தால் அடுத்த மழையில் கிரானைட்டும் விரிந்திருக்கும். முதல் வேலையாகக் குழாயை நீட்டி மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் விட்டார்கள். தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்டபோது தோண்டிய தொட்டி, மண் அடைத்துக் கிடந்தது. அதையும் தூர்வாரினார்கள்.

அடுத்ததாக, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார் கொத்தனார். அதன் அகலத்தையும் அளந்து பக்கத்தில் குறித்தார். மூன்று வாரம் கழித்து, நடுவில் ஒரு நல்ல மழையும் பெய்து ஓய்ந்த பிறகு, விரிசல் கோட்டைத் தாண்டவில்லை, அகலவும் இல்லை. வளர்ந்துகொண்டே போனாலோ, விரிசலின் இரு பக்கமும் மேடு பள்ளமாக இருந்தாலோ, வீட்டுச் சுவரிலும் ஏறினாலோ, பூசி மூடாமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

படியும் சுவரும் தனித்தனியாக அசையக்கூடியவை என்பதால் அந்த இடைவெளியைச் சிமென்ட்டால் அடைக்கவில்லை. வளைந்து கொடுக்கும் சீலன்ட் கொண்டு அடைத்தார்கள். தரையிலிருந்த சின்ன விரிசல்களை உளியால் லேசாக அகலப்படுத்தி, தூசு நீக்கி, நனைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் நிரப்பினார்கள். உடைந்த படி விளிம்புகளுக்கும் அதே கலவைதான்.

அவசரப்பட்டால் உரியும்

பூச்சு காயட்டும் என்று வெயிலில் விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை, நீரோடு சேர்வதால்தான் இறுகுகிறது. கான்கிரீட்டை சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிபிசி போன்ற கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி. பழைய சாக்கை நனைத்துப் போட்டால் போதும். பாலிமர் கலவை என்றால் அதன் டப்பாவில் போட்டிருக்கும் முறைப்படி செய்ய வேண்டும்.

புதுப் பூச்சின் மேல் பெயின்ட் அடிக்க ஏறக்குறைய 28 நாள் பொறுப்பது நல்லது. ஈரமும் காரத்தன்மையும் அடங்காத சிமென்ட்டில் அடித்த பெயின்ட் கொப்புளித்து உரியும். ஆக, விளம்பரம் கொடுப்பதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே வாசல் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

எல்லா இடத்துக்கும் பெயின்ட் தேவையில்லை. வண்டி ஏறி இறங்கும் தரையில் மலிவான பெயின்ட் டயரோடு வந்துவிடும். சுத்தமான சிமென்ட் தரையே அங்கே அழகு. 4 அடி அகலம், 1 அடி ஆழம், அரை அடி உயரம் உள்ள மூன்று படிகளுக்கு மொத்தப் பரப்பு 18 சதுர அடிதான். வெளிப்புறத் தரைக்கான பெயின்ட் சின்ன டப்பாவே இரண்டு கோட்டுக்குக் காணும். வழுக்காமல் இருக்க, சலித்த நைஸ் மணலைக் கொஞ்சம் கலந்து அடிக்கலாம்.

கடையில் ‘ரெட் ஆக்சைடு’ என்று மட்டும் கேட்டால் குழப்பம் வரும். கேட்டுக்கு அடிப்பது ரெட் ஆக்சைடு மெட்டல் பிரைமர். சிமென்ட்டில் கலப்பது ரெட் ஆக்சைடு பவுடர். இரண்டும் வேறு. கேட்டை உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்து, பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடித்தார் கணவர். எரியாத வாசல் விளக்குக்கு எல்இடி பல்பு, மங்கிய கதவு எண்ணுக்குப் புதுப் பலகை. கொத்தனார் கூலியையும் சேர்த்தாலும் கிரானைட்டுக்குச் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குதான் ஆனது.

சொல்லிவிடலாமா?

விரிசல் இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. “தொட்டியை அங்க வெச்சு மறைச்சிடுங்க சார்” என்றார் தரகர். கணவருக்கும் ஒரு நிமிடம் ஆசைதான்.

1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மனைவி சொன்னது இன்னும் சுருக்கம். “நாளைக்கு இந்தப் படியில குழந்தைங்க ஏறி இறங்கும்ங்க.”

அடுத்த குடும்பம் வந்தபோது லேசான மழை. போர்டிகோவில் நீர் தேங்கவில்லை. கணவர் தானாகவே சுவரோரம் அழைத்துப்போனார். பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்த இடத்தில் பென்சில் கோடும் தேதியும் இருந்தன. விரிசல் வந்த காரணத்தையும், நீட்டிய குழாயையும் காட்டினார்.

வந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அது எப்படியும் கேட்பதுதான். கூடவே வந்திருந்த அவருடைய அம்மா அதற்குள் செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டிருந்தார்.

“உள்ள வந்து பார்க்கலாமாம்மா?” என்றார்.