இயந்திரத்துக்கு முன்னே ஓர் இரத்தப் பரிசோதனை

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் அவ்வப்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. பதுளைப் பக்கம் நம் தோட்ட மக்களுக்காக ஒரு டயலிசிஸ் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் என்ன? நல்ல மனம்தான். ஆயினும் என் கருத்து சற்று மாறுபட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஊவா மாகாணத்தில் சிறுநீரக நோய் என்றதும் அனைவர் நினைவுக்கும் வருவது பதுளை மாவட்டத்தின் தாழ்நிலப் பகுதியான கிராந்துருக்கோட்டை. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டும் இடம் அது. உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் இணைந்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வு, அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களில் தெரிவுசெய்த பகுதிகளை ஆராய்ந்தது. 15.1 முதல் 22.9 சதவீதத்தினரிடம் இந்நோய் காணப்பட்டதாக அது கூறியது. இந்நோயாளரின் பெயராலேயே 2015இல் கிளைபோசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் தளர்த்தப்பட்டது. 2022இல் தடையே நீங்கியது. அந்த வாதங்களில் தேயிலையின் பெயர் ஓயாமல் அடிபட்டது. தேயிலை பறிப்பவரின் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே.

மலைத் தோட்டங்களில் நாம் முதலில் அஞ்ச வேண்டியவை நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும்தாம். உலகெங்கும் சிறுநீரகங்கள் செயலிழப்பதற்கு முதன்மைக் காரணங்கள் இவ்விரண்டுமே. கொழுந்துக் கூடையின் சுமையால் வரும் முதுகுவலிக்கு டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதும் சிறுநீரகத்துக்குக் கேடு. நோயோ ஓசையின்றி வளர்கிறது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, பதுளை பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது.

அதன்பின் என்ன நடக்கிறது? வழக்கமான முறைப்படி வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் குருதிச் சுத்திகரிப்பு. ஒரு தடவைக்குச் சுமார் 120 லீற்றர் சுத்திகரித்த நீர் வேண்டும். பயிற்சி பெற்ற தாதியர் வேண்டும். இயந்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டால் அது உறையோடு மூலையில் நிற்கும். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ நோயாளியுடன் பஸ்ஸில் வரும் மனைவிக்கு அந்த மூன்று நாளும் பேர் விழாது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளப்படி கணக்கிட்டாலே வாரத்துக்கு 4,050 ரூபாய் இழப்பு. இலவச மருத்துவம் உள்ள நாட்டில் ஏழை கொடுக்கும் விலை இது.

வயிற்றறை வழியாக வீட்டிலேயே செய்யும் சுத்திகரிப்பு இந்தப் பயணத்தைத் தவிர்க்கும். தாய்லாந்து 2008இல் அதனையே முதல் தெரிவாக்கியது. ஆனால் அதற்குத் தூய்மையான ஓர் அறையும் கை கழுவ ஓடும் நீரும் தேவை. இல்லையேல் வயிற்றறையில் கிருமித் தொற்று வரும். ஒற்றை அறை லயத்தில் அடுப்புப் புகைக்கு நடுவே இதனை எவ்வாறு செய்வது? வீட்டுப் பிரச்சினை இங்கே வைத்தியப் பிரச்சினையாகிறது.

அண்மைய ஆராய்ச்சிகள் கூறுவது யாது? 2023இல் வெளியான கன்வின்ஸ் ஆய்வில், 1,360 நோயாளரிடையே உயர் அளவு ஹீமோடயாஃபில்ட்ரேஷன் என்னும் மேம்பட்ட சுத்திகரிப்பு மரணங்களை 23 சதவீதம் குறைத்தது. மகிழ்ச்சியே. எனினும் அதற்கு மேலும் தூய நீரும் மேலான இயந்திரமும் வேண்டும். எனக்கு அதனிலும் முக்கியமாகப் படுவது ஒரு மாத்திரை. 4,304 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில், டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து சிறுநீரகம் மோசமடைதல், சிறுநீரக மற்றும் இருதய மரணங்கள் ஆகியவற்றை ஒருசேர 39 சதவீதம் குறைத்தது. நீரிழிவு இல்லாதோருக்கும் பலன் கிடைத்தது. இந்தியாவில் அதன் காப்புரிமை 2020இல் முடிந்து மலிவான மாத்திரைகள் வந்துவிட்டன. கிராந்துருக்கோட்டை நோய்க்கு இதே பலன் கிடைக்கும் என்று அப்படியே கொள்ள முடியாது. அந்நோயின் இயல்பு வேறு. நீரிழிவு நோயாளரான தோட்டத் தொழிலாளருக்கோ இது நேரடியாகப் பொருந்தும் செய்தி.

ஆனால் அந்த மாத்திரை நோயை முன்கூட்டியே கண்டறிந்தவருக்கே முழுப் பலன் தரும். இங்குதான் நம் குறை இருக்கிறது. சிறுநீரில் புரதம் பார்ப்பது மட்டும் போதாது. கிராந்துருக்கோட்டை வகை நோயில் ஆரம்பத்தில் புரதம் அதிகம் வெளியேறுவதில்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்க்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தோட்ட டிஸ்பென்சரியில் இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அன்றைய நாளுக்குப் பேரும் போடப்பட வேண்டும். மாகாண சுகாதாரத் துறையும் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் ஒரு மேசையில் அமர்ந்தால் முடியாத காரியமன்று.

சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கூடும் நம் தலைவர்கள் இந்த ஒரு பரிசோதனையையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பார்களா? வெளிநாட்டு நண்பர்களுக்கு என் பதிலும் இதுவே: ஓர் இயந்திரத்துக்கான பணத்தில் ஒரு பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கே பரிசோதனை செய்யலாம். இயந்திரம் தேவைப்படாத நிலையில் ஒருவரை வைத்திருப்பதே அவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.